பெரியவ ஒளிக்கா

எருமைக்கு ஒழுங்கா ஒரு பேர் வைக்காத வீட்டுல என்ன வம்பு வரும்னு என்கிட்ட கேளுங்க, சொல்லுதேன். எங்க வீட்டுல ரெண்டு எருமை. பெருசைப் பெரியவன்னும் சின்னதைச் சின்னவன்னும் கூப்பிட்டோம். அதே வீட்டுல மருமக்கமாரும் ரெண்டு பேரு. மாமியா இருந்த காலத்துல மூத்த மருமகளைப் பெரியவன்னும் என்னைச் சின்னவன்னும்தான் கூப்பிட்டாவ. ஊரும் அப்படியே பழகிட்டு. ஆக எங்க வளவுக்குள்ள ரெண்டு பெரியவ, ரெண்டு சின்னவ. ஒரு நாள் நான் எருமையைப் பேசின பேச்சு மனுசி காதுல போய் விழுந்துட்டு. என் ஓரகத்தி, நான் அக்கான்னு கூப்பிடுதவிய, வீட்டை விட்டுப் போயிட்டாவ. அவியளைத் திரும்பக் கூட்டிட்டு வரணும்னு நான் பட்ட பாடும், கடைசியில போய் நான் செஞ்சிட்டு வந்த கூத்தும்தான் இது.

அக்கா யாருன்னு மொதல்ல சொல்லிருதேன். எங்க வீட்டுக்காரவியளுக்கு ஒரே ஒரு அண்ணன். அந்த அண்ணன் பொண்டாட்டிதான் அக்கா. பிறந்த ஊரு வள்ளியூர். பிள்ளைகுட்டி இல்ல. அண்ணன் நெஞ்சுவலியில போன பொறவு வள்ளியூர்ல இருந்து கூடப்பிறந்தவிய வந்து, எங்க கூட வந்துருன்னு கூப்பிட்டாவ. அக்கா, "பெரியவ இப்பத்தான் ஈனியிருக்கா. என் கைக்குத்தான் பால் இறக்குவா. நான் எப்படி வர?"ன்னு கேட்டாவ. வந்தவிய காப்பியைக் குடிச்சிட்டுப் போயிட்டாவ. எனக்குன்னா அன்னைக்கு அவ்வளவு சந்தோஷம். கூடப்பிறந்த அக்கா தங்கச்சி இல்லாதவ நான். அந்த அடுக்களையில அவிய இல்லாம நான் மட்டும் நிக்கதை நினைச்சுப் பாக்கவே முடியல. ஆனா அதை நான் வாயைத் திறந்து சொல்லல. எருமைதான் அவியளைப் பிடிச்சு வச்சிட்டுன்னு மனசுக்குள்ள அதுக்கு ஒரு நன்றி சொல்லிக்கிட்டேன்.

எங்க வீடு ஏரலுக்குப் பக்கத்துல, ஆத்துக்கும் வாழைத்தோட்டத்துக்கும் நடுவுல. வீட்டுக்குப் பின்னால தொழு. தகரம் போட்டது. பெரியவளை வாங்கினது வள்ளியூர்ப் பக்கத்துல. அக்காவோட அண்ணன் பாத்துச் சொல்லித்தான் எங்க வீட்டுக்காரவிய போய்ப் பிடிச்சிட்டு வந்தாவ. சின்னவ பொறவு வந்தவ.

பசு மாதிரி கிடையாது எருமை. பசு யாரு வந்து உக்காந்தாலும் கன்னைக் காட்டினா கொஞ்சம் முறைச்சிட்டுக் குடுத்துரும். எருமைக்கு எல்லாமே பழக்கம். பழகின நேரம், பழகின கை, பழகின சத்தம், பழகின வாடை, இதுல ஒண்ணு மாறினாலும் போச்சு. மடி கனத்துக் கிடக்கும், காம்பு மட்டும் வதங்கின பாவக்கா மாதிரி தொங்கும். எவ்வளவு இழுத்தாலும் சொட்டு வராது. பாலை மேல இழுத்து வச்சுக்கிடும். அதைத்தான் ஒளிக்குதுன்னு நாங்க சொல்லுவோம். சரி ஒளிச்சா ஒளிச்சிட்டுப் போகட்டும்னு விடவும் முடியாது. கறக்காம மிச்சம் விட்ட மடி, இனி பால் தேவையில்ல போலன்னு நினைச்சுச் சுரப்பைக் குறைச்சிரும். கொஞ்ச நாளுல கறவையே நின்னு போகும். எருமை வளக்கது தீவனத்துல பாதி, அது மனசைப் பாத்து நடக்கதுல பாதி.

தீவனப் பாதி என் சோலி. வைக்கோல் போடுதது, வாழைத்தண்டை நறுக்குதது, பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் ஊறவச்சுத் தவிட்டுல பிசையுதது, உச்சி வெயில்ல ரெண்டு பேர் முதுகுலயும் தண்ணி ஊத்துதது. கறுத்த தோலு, வெயில் ஏறிட்டுன்னா அதுகளுக்கு மூச்சு வாங்கும், அன்னைக்குச் சாயங்காலப் பாலு பாதியாப் போயிரும். சின்னவளைக் கறக்கதும் நான்தான். சின்னவ பாவம், யாரு தொட்டாலும் குடுப்பா. பெரியவ மட்டும் அக்கா சொத்து.

அக்கா விடியக்காலம் தொழுவுக்குப் போகையில ஒரே ஒரு சேலையைத்தான் கட்டுவாவ. பழைய காவி நிறத்துப் பருத்திச் சேலை. அது வீட்டுக்குள்ள வராது, தொழுவுலயே ஆணியில தொங்கும். வெதுவெதுன்னு தண்ணியை எடுத்து மடியைப் பையத் தடவிக் கழுவுவாவ. கன்னை முட்ட விடுவாவ. காம்பு திரண்டதும் கன்னைப் பிடிச்சு அது அம்மா முகத்துப் பக்கம் கட்டுவாவ. பெரியவ கன்னை நக்க ஆரம்பிக்கவும் இவிய உக்காந்து வேதக்கோயில்ல பாடுத கீர்த்தனை ஒண்ணை வாய்க்குள்ள முனங்குவாவ. ஞாயித்துக்கிழமை கோயில்ல அதே கீர்த்தனை வந்துட்டுன்னா எனக்குச் சாணி வாடை அடிக்க மாதிரி இருக்கும், சிரிப்பை அடக்க முடியாது. கட்டைவிரலை மடக்கிக் கறந்து கறந்து அவிய விரல் மூட்டுல புளியங்கொட்டை கணக்கா ஒரு காய்ப்பு உண்டு. வாளி நிறைஞ்சு நுரை வெளிய வழியும்.

பேர்க் குழப்பம் எங்களுக்குத் தெரியாதது இல்ல. அதை வச்சுத்தான் எங்க வீட்டுல பாதிச் சிரிப்பே. பால் வாங்க வாரவிய வாசல்ல நின்னு, "பெரியவ என்ன செய்யுதா?"ன்னு கேப்பாவ. நான் உள்ள இருந்து, "எந்தப் பெரியவ? ரெண்டு காலா, நாலு காலா?"ன்னு கேப்பேன். அக்காவே பெரிய கேலிக்காரிதான். ஒருக்க, பெரியவளுக்கு மேலுக்குச் சொகமில்லையாமேன்னு யாரோ விசாரிக்க வந்தப்போ, "அது நாலு காலுக்கு. ரெண்டு காலு நல்லா தின்னுட்டுத் திரியுது"ன்னு அவியளே சொன்னாவ. நல்லா தின்னுட்டுத் திரியுதுன்னு அவிய சொன்னதை நான் அப்போ கேலியாத்தான் எடுத்துக்கிட்டேன். அதுக்குள்ள வேற ஒண்ணும் கிடந்திருக்கும்னு எனக்குத் தோணவே இல்ல.

அந்த நாளு நல்ல கோடை. அக்காவுக்குக் கண்ணுல புரை விழுந்திருக்கான்னு பாக்கதுக்காக, பக்கத்து வீட்டுக்காரி துணையோட பாளையங்கோட்டைக்குப் போயிருந்தாவ. சாயங்காலக் கறவைக்கு வந்துருவேன்னுதான் சொல்லிட்டுப் போனாவ. பஸ்ஸு கிடைக்கலையோ என்னமோ, வரல. நேரம் தப்பக் கூடாதேன்னு நானே வாளியைத் தூக்கிட்டுப் பெரியவகிட்டப் போனேன். மடியைக் கழுவினேன். கன்னை விட்டேன். முனங்கிக்கூடப் பாத்தேன், எனக்கு ராகமும் வராது ஒரு மண்ணும் வராது. அவ ஒரு தடவை என்னை மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிட்டா. காம்புல ஒண்ணும் இல்ல. வேர்வை கண்ணுல இறங்குது, ஈ மொய்க்குது, அவ வாலைச் சுழட்டி என் கன்னத்துல ஒண்ணு விட்டா. சாணி வால். எனக்குக் கோவம்னா கோவம்.

அந்த நேரம் பாத்து எங்க வீட்டுக்காரவிய தோட்டத்துல இருந்து போன் போட்டு, பால் என்னாச்சுன்னு கேட்டாவ. நான் போன்ல கத்தினேன். என்ன கத்தினேன்னு ஒரு எழுத்து மாறாம எனக்கு ஞாபகம் இருக்கு.

"பெரியவ ஒளிக்கா. மடியில வச்சுக்கிட்டே இல்லன்னு நிக்கா. வேளாவேளைக்கு நம்ம வீட்டுல தின்னுட்டு நமக்கே வஞ்சகம் பண்ணுதா. என்னால இவகூட மாரடிக்க முடியாது. வள்ளியூர்ல கொண்டு விட்டுருங்க. வந்த ஊருக்கே போகட்டும்."

தகரத்துக்கு அந்தப் பக்கம் சந்து. அக்காவும் பக்கத்து வீட்டுக்காரியும் பஸ்ஸை விட்டு இறங்கி அந்தச் சந்து வழியாத்தான் வந்துக்கிட்டு இருந்திருக்காவ. இது எனக்கு அப்போ தெரியாது. நான் போனை வச்சிட்டுத் திரும்புதேன், அக்கா வாசல்ல நிக்காவ. கண்ணுக்குச் சொட்டுமருந்து விட்டதுல கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாவ. மூஞ்சி எப்படி இருக்குன்னு எனக்கு எங்க தெரிய? "எக்கா, வந்துட்டியளா? டாக்டர் என்ன சொன்னாரு?"ன்னு கேட்டேன். "இன்னும் முத்தலையாம்"னு மட்டும் சொன்னாவ. ஆணியில இருந்த சேலையை எடுத்துக் கட்டினாவ. உக்காந்தாவ. பெரியவ அந்த நிமிஷமே இறக்கிட்டா, வாளியில சர்ரு சர்ருன்னு பால் விழுத சத்தம் கேட்டுது. முனங்குத சத்தம் மட்டும் கேக்கல. கண்ணு கூசுது போலன்னு நினைச்சுக்கிட்டு நான் அடுக்களைக்குப் போயிட்டேன்.

ரெண்டு மூணு நாள் கழிச்சு, வள்ளியூர்ல எங்க அண்ணன் பேத்திக்கு ஞானஸ்நானம், போயிட்டு வாரேன்னு ஒரு பையை எடுத்துக்கிட்டுக் கிளம்பினாவ. கிளம்பும்போது பெரியவ நெத்தியைத் தடவிக் குடுத்தாவ. என்கிட்ட, "தண்ணியைக் குறைக்காத, வெயிலு"ன்னு சொன்னாவ. போனவிய வரல. எங்க வீட்டுக்காரவிய போன் போட்டா, "இருக்கட்டும் கொழுந்தனாரே, இங்கன கொஞ்சம் சோலி கெடக்கு"ன்னாவ. ஒரு வாரம் கழிச்சுக் கேட்டாலும் அதே சோலி. அந்த வீட்டுல அப்படி என்ன சோலின்னு எனக்குப் புரியல.

இங்க பெரியவ சுத்தமா மறுத்துட்டா. நான் உக்காந்தா ஒரு உதை, எங்க வீட்டுக்காரவிய உக்காந்தா ரெண்டு உதை. கறவை நேரத்துக்கு அவளுக்குப் பிடிச்ச பருத்திக்கொட்டையை முன்னால வச்சுப் பாத்தோம். தின்னா, இறக்கல. அக்கா பாடுத கீர்த்தனையைப் போன்ல போட்டுக் காதுகிட்டப் பிடிச்சோம், மிரண்டு கட்டுத்தறியைப் பிடுங்கப் பாத்தா. கன்னு மட்டும் கொஞ்சம் குடிச்சுது. நாளுக்கு நாள் மடி சுருங்கிக்கிட்டே வந்துது. ஒரு ஆளு வந்து, ஊசி ஒண்ணு இருக்கு, போட்டா குழாயத் திறந்த மாதிரி இறங்கும்னாரு. எங்க வீட்டுக்காரவியளுக்குச் சபலம். நான் ஒத்துக்கிடல. அந்த ஊசிக்குப் பழக்கிட்டா பொறவு அது இல்லாம என்னைக்கும் இறக்க மாட்டா, அவளை மாடா வச்சிருக்கப் போறோமா இல்ல பம்புசெட்டா வச்சிருக்கப் போறோமான்னு சண்டை போட்டேன்.

கடைசியில மாட்டு டாக்டரைக் கூட்டிட்டு வந்தோம். மடியை அமுக்கிப் பாத்தாரு. நோய் ஒண்ணும் இல்லன்னாரு. "கறக்குத ஆளை மாத்தினியளா?"ன்னுதான் மொதக் கேள்வி. ஆமான்னேன். "முன்னால கறந்தவிய சேலை எதுவும் கெடக்கா? துவைச்சிராதிய. அதைக் கட்டிக்கிட்டு உக்காந்து பாருங்க"ன்னாரு.

ஆணியில அந்தக் காவிச் சேலை அப்படியே தொங்கிக்கிட்டு இருந்துது. மறுநாள் விடியக்காலம் அதை எடுத்துக் கட்டினேன். தேங்காய் எண்ணெயும் வேர்வையும் பாலும் சேந்த வாடை, அக்காவே பக்கத்துல நிக்கது மாதிரி இருந்துது. பெரியவ என் தோளை மோந்தா, முந்தியை மோந்தா, நீளமா ஒரு மூச்சு விட்டா. காம்பு திரண்டுது. வாளியில முத பால் விழவும் எனக்கு அழுகை வந்துட்டு. சந்தோஷத்துல வந்த அழுகையான்னு கேட்டா இல்ல. ஒரு எருமை ஒரு மனுசியை எப்படித் தேடுதுன்னு பாத்தப்போ, நான் அவ்வளவு கூடத் தேடலியோன்னு வெக்கமா இருந்துது.

அது நடந்து கொஞ்ச நாளுல பக்கத்து வீட்டுக்காரி பால் வாங்க வந்தா. நான் அந்தச் சேலையோட நிக்கதைப் பாத்துட்டு அவளுக்குப் பொறுக்கல. "அவிய சேலை மட்டும் வேணும், அவிய வேண்டாம் என்னட்டி?"ன்னா. எனக்கு ஒண்ணும் விளங்கல. என்ன சொல்லுதன்னு கேட்டேன். அப்போதான் சொன்னா, அன்னைக்குச் சந்துல ரெண்டு பேரும் நின்னு கேட்டாவளாம். பெரியவ மடியில நகையை ஒளிச்சு வச்சுக்கிட்டு இல்லங்காளாம், நம்ம வீட்டுல தின்னுட்டு வஞ்சகம் பண்ணுதாளாம், வள்ளியூர்ல கொண்டு விடணுமாம். நகைன்னு நான் சொல்லவே இல்ல. அது இவ கூட்டிக்கிட்டது. ஊருக்கே அது தெரிஞ்சிருக்கு, எனக்கு மட்டும்தான் தெரியல.

நான் எருமையைச் சொன்னேன்னு தலையில அடிச்சுக்கிட்டேன். அவ நம்பின மாதிரி தெரியல. வாசல்ல நின்னு அந்தப் பேச்சை ஒவ்வொரு சொல்லா நினைச்சுப் பாத்தேன். பெரியவ. மடி. தின்னுட்டு. வள்ளியூர். கர்த்தரே, ஒரு சொல்லாவது எருமைக்கு மட்டும் பொருந்துததா என் வாயில வரப்படாதா? காம்புன்னோ கன்னுன்னோ ஒண்ணு வந்திருந்தா இந்த வினை இல்ல.

பைய எனக்குக் கோவம் வந்துது. அதான் என் புத்தி. அழ வேண்டிய இடத்துல எல்லாம் எனக்குக் கோவம்தான் வரும். நாலு காலா ரெண்டு காலான்னு வருசக்கணக்கா சிரிச்சவிய அன்னைக்கு ஒரு தடவை கேட்டிருக்கப்படாதா? உள்ள வந்து, ஏட்டி யாரைச் சொல்லுதன்னு ஒரு அறை விட்டிருந்தாலும் வாங்கிக்கிட்டிருப்பேனே. அவ்வளவுதானா என்னை நம்பினது? அவியளே போன் போட்டுக் கேக்கட்டும், அப்போ சொல்லிக்கிடுவோம்னு இருந்துட்டேன். எங்க வீட்டுக்காரவிய, "நீ போய்ச் சொல்லிட்டு வா, இதெல்லாம் போன்ல பேசுத பேச்சா?"ன்னாவ. சேலையைக் கட்டினா பெரியவ இறக்குதா, வண்டி ஓடுது, இன்னைக்கு நாளைக்குன்னு நாளு போச்சு.

ஆனிக்காத்து வந்துது. எங்க பக்கத்து ஆனிக்காத்துக்குத் தகரமே நிக்காது, ஆணியில தொங்குத சேலை எங்க நிக்க? ஒரு மத்தியானம் பாத்தா சேலை சாணிக்குழியில கெடக்கு. பாதி முங்கிட்டு. சோப்புப் போட்டு அலசாம வேற வழி இல்ல. அலசி, காயப்போட்டு, கட்டிக்கிட்டுப் போய் உக்காந்தேன். பெரியவ மோந்தா. திரும்ப மோந்தா. என் முகத்தைப் பாத்தா. காம்பு திரளவே இல்ல. அன்னைக்கு ஒளிச்சவதான், பொறவு ஒரு சொட்டு இறக்கல.

சரி, போயிருவோம்னு கிளம்பினேன். திருநெல்வேலி போய், நாகர்கோவில் பஸ் பிடிச்சேன். கையில பெரியவ பால்ல எடுத்த நெய் கொஞ்சம். வழியெல்லாம் என்ன சொல்லணும்னு ஒத்திகை பாத்துக்கிட்டே போனேன். எங்கிட்ட ஒரு நல்ல நியாயம் இருந்துது. "எக்கா, உங்களை நான் என்னைக்காவது 'ஒளிக்கா'ன்னு சொல்லுவேனா? உங்களைன்னா 'ஒளிக்காவ'ன்னுல்லா சொல்லிருப்பேன்? 'நிக்காவ'ன்னுல்லா சொல்லிருப்பேன்? உங்களை 'அவ இவ'ன்னு பேசுத வாயா இது?" இதைச் சொன்னா அக்கா சிரிச்சிருவாவ. சிரிச்ச உடனே, "வாங்கக்கா, வீட்டுக்குப் போவோம்"னு சொல்லிரணும். அதுதான் முக்கியம். வள்ளியூர் பக்கம் வரவும் கரண்டு எடுக்குத காத்தாடி எல்லாம் சுத்து சுத்துன்னு சுத்துது.

அக்கா முன்ரூம்புல உக்காந்து முருங்கைக்கீரை உருவிக்கிட்டு இருந்தாவ. என்னைப் பாத்ததும் அவிய முகம் மலந்துது பாருங்க, அதை நான் இப்பவும் நினைச்சு நினைச்சு வெசனப்படுதேன். கீரையைத் தள்ளி வச்சிட்டு எந்திச்சு, "வா வா, தனியாவா வந்த?"ன்னாவ. அவிய அண்ணன் பொண்டாட்டி காப்பி கொண்டு வந்து வச்சிட்டு எதிர்லயே உக்காந்துக்கிட்டா. அவ முன்னால எப்படி அந்தப் பேச்சை எடுக்க? நான் காப்பியைக் குடிச்சேன். பாக்கெட் பாலு. அக்கா கையைப் பாத்தேன். விரல் மூட்டுல இருந்த காய்ப்பு உரிஞ்சு தோலு வெளுத்திருந்துது.

"பெரியவ எப்படி இருக்கா?"ன்னு அக்கா கேட்டாவ.

அதுக்கு நான் நாலு காலா ரெண்டு காலான்னு கேட்டிருக்கணும். கேட்டிருந்தா அதோட எல்லாம் உடைஞ்சு கொட்டியிருக்கும். ரெண்டு பேரும் சிரிச்சிருப்போம், இல்ல அழுதிருப்போம். என் வாயில இருந்து வந்தது என்னன்னா, "ஒளிக்கா எக்கா. உங்க சேலையைக் கட்டித்தான் கறந்தேன், அலசினதுல வாடை போயிட்டு. நீங்க கட்டின சேலை ஒண்ணு துவைக்காம கெடந்தா குடுங்களேன்."

அக்கா உள்ள போய் முந்தின நாள் கட்டின சேலையை மடிச்சு எடுத்துட்டு வந்து, ஒரு துணிப்பையில வச்சு என் கையில குடுத்தாவ. "வா, பஸ்ஸுக்கு விட்டுட்டு வாரேன்"னு செருப்பை மாட்டினாவ.

பஸ் ஸ்டாப்புல ஆள் இல்ல. காத்து மண்ணை வாரி அடிக்குது. அங்கன வச்சுத்தான் நான் ஒத்திகை பாத்ததைக் கொட்டினேன். 'ஒளிக்கா'வுக்கும் 'ஒளிக்காவ'வுக்கும் உள்ள வித்தியாசத்தை எல்லாம் சொன்னேன். நான் நினைச்ச மாதிரியே அக்கா சிரிச்சாவ.

"எனக்குத் தெரியும்ட்டி. அன்னைக்கே தெரியும். மடியில கையை வச்சதும் நிறைஞ்சு கெடக்கு, எருமையைத்தான் ஏசியிருக்கன்னு அப்பவே விளங்கிட்டு."

"பொறவு ஏன்க்கா இங்க வந்திய?"

அக்கா ரோட்டைப் பாத்துக்கிட்டே பேசினாவ. "அந்தச் சந்துல இருந்து தொழுவுக்கு வாரதுக்குள்ள நான் அதை நம்பிட்டேன். யாரும் சொல்லித் தரல, உடனே நம்பிட்டேன். அப்போ எனக்குள்ளயே அப்படி ஒண்ணு கெடந்திருக்குல்லா? எருமைக்காகத்தான் என்னை வச்சிருக்கியளோன்னு. சரி, கொஞ்ச நாள் போய் இருந்து பாப்போம்னு வந்தேன். எருமை தேடும், அது தெரியும். நீ தேடி வாரியான்னு பாத்தேன்."

என் கையில சேலைப் பை இருந்துது. அதை எங்க வைக்கன்னு எனக்குத் தெரியல.

"வந்திருக்க"ன்னு சொல்லிட்டு அக்கா என் முகத்துல பறந்த முடியை ஒதுக்கிவிட்டாவ. "உக்காரும்போது பதறாத. முந்தியை முதல்ல அவ மூக்குகிட்டக் காட்டு. அவ மூச்சு விடட்டும், பொறவு தொடு."

வாங்கக்கா. அந்த ஒரு சொல்லுக்காகத்தான் நான் இவ்வளவு தூரம் வந்தது. ஆனா சேலையைக் கையில வாங்கிட்டு அதைச் சொன்னா அவிய காதுல எப்படி விழும்? சேலை பத்தாது, ஆளும் வேணும்னுதானே விழும்? அப்படி நினைச்சுக்கிட்டு நிக்கையிலயே பஸ் வந்துட்டு. கண்டக்டர் ஏறுங்க ஏறுங்கன்னு அவசரப்படுத்துதாரு. ஏறிட்டேன். சன்னல் வழியாப் பாக்கேன், அக்கா நெத்தியில கையை வச்சு வெயிலை மறைச்சுக்கிட்டு நிக்காவ. பஸ் வளைவு திரும்புத வரைக்கும் நின்னாவ.

வீட்டுக்கு வரவும், "மைனியைக் கூப்பிட்டியா?"ன்னு எங்க வீட்டுக்காரவிய கேட்டாவ. "சேலை குடுத்தாவ"ன்னேன். அவிய என்னைப் பாத்த பார்வைக்கு நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். நாளைக்கே திரும்பப் போய்க் கூப்பிடுன்னாவ. போகலாம். ஆனா இந்த எருமை கறக்குத வரைக்கும் நான் எப்படிக் கூப்பிட்டாலும் அது எருமைக்காகக் கூப்பிடுததுதான். பெரியவ சினையாகி, கறவை வத்தி, மடி வெறுமனே தொங்குமே, அந்த மாசத்துல போகணும்னு வச்சிருக்கேன். அப்போ கூப்பிட்டா அது அக்காவை மட்டும் கூப்பிடுதது. நல்லா கறக்குத எருமை எப்போடா வத்தும்னு காத்துக்கிட்டு இருக்கவ இந்த ஏரல் வட்டாரத்துல நான் ஒருத்தியாத்தான் இருப்பேன். அதுவரைக்கும் அக்கா அந்த ரோட்டைப் பாத்துக்கிட்டு இருப்பாவளோ, இல்ல விட்டுட்டாவளோ, தெரியல.

அன்னைக்குச் சாயங்காலம் அந்தச் சேலையைக் கட்டிக்கிட்டு உக்காந்தேன். முந்தியைக் காட்டினேன். பெரியவ மோந்தா, கண்ணைச் சொருகினா, நீளமா மூச்சு விட்டா. கன்னு முட்டக்கூட இல்ல, காம்பு திரண்டுட்டு. நான் கறந்தேன். வாளி நிறைஞ்சு நுரை என் கால்ல வழிஞ்சுது. அவ ஒண்ணையும் ஒளிக்கல, கடைசிச் சொட்டு வரைக்கும் குடுத்தா.

மடியில வச்சுக்கிட்டே இல்லன்னு நின்னுட்டு வந்தவ சின்னவ. எந்தச் சின்னவன்னு கேட்டா, ரெண்டு காலு.